கொட்டகைத் தண்ணீர்

மரிய செல்வி உட்கார மறுத்தாள்.

"எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க? உக்காருங்கக்கா" என்று ஓரகத்தி சூசையம்மாள் மறுபடியும் கையைப் பிடித்து இழுத்தாள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் பாய் விரித்திருந்தது. பெண்கள் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டிருந்தார்கள். மரிய செல்வி கையை விடுவித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

உட்கார்ந்தால் இடது காலை மடக்க வேண்டும். மடங்காது. நீட்டினால் சேலைக்கு வெளியே தெரியும்.

"கட்டுன மனுசன் கெடக்குறாரு. இப்பவும் வீம்பப் பாரு" என்றது பாயிலிருந்து ஒரு குரல்.

வீம்பு என்றே இருக்கட்டும்.

விடிந்ததிலிருந்து அவளுக்குக் குளிர் அடித்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. கணுக்காலுக்கு மேல் தொட்டால் சுட்டது. முன்பும் இப்படி வந்திருக்கிறது. அப்போதெல்லாம் வயிற்று வலி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். இன்றைக்குப் படுக்க முடியாது.

முந்தின நாள் சாயங்காலம் அவள் புருஷன் சந்தனசாமி வீட்டுப் பக்கத்துக் கொட்டகையைக் கூட்டிக் கழுவிவிட்டு, தண்ணீர் டப்புகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். காப்பி கேட்டார். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. வலியில்லாத சாவு என்று வந்தவர்கள் சொன்னார்கள். மகள் மெர்லின் கோயம்புத்தூரிலிருந்து விடிகாலையில் வந்து இறங்கினாள். எல்லாம் அதனதன் போக்கில் நடந்துகொண்டிருந்தது. மாலையில் ஒன்று பாக்கி இருந்தது. மரிய செல்வி அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேதக்காரர்கள் ஆனாலும் அந்தப் பக்கத்தில் அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. கல்லறைக்குப் போய்த் திரும்பியதும் பெண்கள் சேர்ந்து, புருஷனைப் பறிகொடுத்தவளைக் கொல்லையில் உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறந்த வீட்டுச் சேலையைக் கட்டிவிடுவார்கள். அவள் கட்டியிருப்பதை அவர்களே உருவுவார்கள். அண்ணன் பால்ராஜும் அவர் மனைவி அருளாயியும் சேலையோடு வந்துவிட்டார்கள். மஞ்சள் பையில் அது சன்னலில் தொங்கியது.

வீட்டில் பேச்சு சந்தனசாமியைப் பற்றித்தான்.

"எந்தச் சாமியத்தான் விட்டு வச்சாரு?" என்றாள் சூசையம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம். "குருமடத்துல சேந்து பாதியில ஓடியாந்தாரு. கீரனூரு சபையில முழுக்கு வாங்குனாரு. அது சலிச்சதும் காட்டுபாவா பள்ளிவாசல். அப்பறம் தாடி வச்சுக்கிட்டுத் திருவண்ணாமலை."

"சித்தன்னவாசல் குகையில போயிப் படுத்துக்கெடந்தாராமே?"

"வாட்ச்மேனு வெரட்டி விட்டான். அந்தக் கல்லுல என்னா தூக்கம் வருமோ!"

அத்தனையும் உண்மை. சந்தனசாமி அரசு பஸ் கண்டக்டர். லீவு போட்டுப் போனார். லீவு இல்லாமலும் போனார். மெர்லின் பிறந்தபோதும் ஊரில் இல்லை. மரிய செல்வி தனியாக ஆவூர்க் கோயிலுக்குத் தூக்கிப் போய்ப் பெயர் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். இளைத்து வந்தார். "கெடச்சுச்சா?" என்று கேட்பாள். "இல்ல" என்பார். அந்த ஒரு விஷயத்தில் அவர் பொய் சொன்னதில்லை.

ரிட்டயர் ஆனதும் கும்பகோணத்துக்கு ஒரு சாமியாரைப் பார்க்கப் போனார். சாமியார் காசிக்குப் போயிருந்தார். காத்திருந்த இடத்துக்கு எதிரே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. யானைக்கால் வந்தவர்களை பெஞ்சில் உட்காரவைத்து நர்சுகள் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தூக்க ஆள் வரவில்லை என்று இவர் இரண்டு வாளி தூக்கிக் கொடுத்தார். மறுநாளும் தூக்கினார். சாமியார் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. சில மாதம் கழித்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது கையில் பிளாஸ்டிக் டப்புகள் இருந்தன.

"இப்ப எந்தச் சாமி?" என்று கேட்டாள்.

"நல்ல சோப்பா வேணும். வாசனை இல்லாதது" என்றார்.

போர் குழாய்ப் பக்கம் தகரக் கொட்டகை போட்டார். வியாழக்கிழமைதோறும் இலுப்பூரிலிருந்தும் கொடும்பாளூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வீங்கின கால், வெடித்த கால், ஈ மொய்த்த கால். கழுவினார், விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்தார், களிம்பு தடவினார். மரிய செல்வி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கொட்டகையோட இருக்கட்டும். ஒருத்தரும் என் வாசப்படி ஏறக் கூடாது." சரி என்றார். அவர்களும் ஏறியதில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கும் போகவில்லை.

முதலில் அவள் அதை நம்பவில்லை. ஒரு வருடம் போயிற்று, இரண்டு வருடம் போயிற்று. ராத்திரி விழித்துப் பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் மனுசன் இருந்தார். நம்ப ஆரம்பித்தாள்.

அப்புறம்தான், ஒரு மழைக்காலத்துக்குப் பின்னால், அவள் இடது கணுக்கால் வீக்கத்தில் காணாமல் போயிற்று. காலையில் வடியும், மாலையில் ஏறும். கொட்டகைத் தண்ணீர் கொல்லை வாய்க்காலில்தான் ஓடியது. வாய்க்கால் ஓரம்தான் துவைக்கிற கல். செருப்பில்லாமல்தான் அவள் அங்கே நிற்பாள். அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கொசுவால் வருகிறது, தண்ணீரால் இல்லை என்று அவர் ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அது வருகிறவர்களுக்குச் சொல்வது.

அவரிடம் காட்டியிருக்கலாம். காட்டினால் அவருக்கும் தண்ணீர்தான் என்று தோன்றிவிடும். கொட்டகையை மூடுவார். மூடிவிட்டால் அந்த மனுசனை வீட்டில் பிடித்துவைக்க என்ன இருக்கிறது? அவள் உள்பாவாடையை நீளமாகத் தைத்துக்கொண்டாள். சேலையைத் தரையில் புரளும்படி கட்டினாள்.

மெர்லின் வாசலிலிருந்து வந்தாள். "அம்மா, கொட்டகைக்கு வர்றவங்க வந்திருக்காங்க."

"இன்னைக்குமா?" என்றார் பால்ராஜ். "சாவு வீடுன்னு தெரியாதா அவங்களுக்கு?"

"தெரிஞ்சுதான் மாமா வந்திருக்காங்க. மொகத்தப் பாக்கணுமாம்."

"தூக்குறப்ப வெளிய வச்சுப் பாத்துக்கட்டும். வீட்டுக்குள்ள சின்னப் புள்ளைங்கல்லாம் இருக்கு."

"ஆமாண்ணே, பாத்துத்தான் விடணும்" என்றாள் சூசையம்மாள்.

மரிய செல்வி சன்னல் வழியே பார்த்தாள். பத்துப் பேர் இருப்பார்கள். கொட்டகையைத் தாண்டாமல் வெயிலில் நின்றார்கள்.

"வரச் சொல்லு" என்றாள்.

"என்னது?"

"உள்ள வரச் சொல்லு."

செருப்பை விட்டுவிட்டு, குழாயில் கால் கழுவிக்கொண்டு வந்தார்கள். சோலையப்பன் முன்னால் வந்தார். வல்லத்திராக்கோட்டைக்காரர், பெரிய மீசை. வாசற்படியில் ஒரு காலை வைத்து நின்றார்.

"வரலாங்களாம்மா? 'ஏறி வாங்க, உள்ள எடம் இருக்கு'ன்னு சொல்றதுக்கு கண்டக்டரு இல்லையே."

யாரோ சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வந்தவர்கள் யாரும் தலைமாட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் கால்மாட்டில் போய் நின்றார்கள். கண்ணாத்தாள் பெட்டியின் கண்ணாடிமேல், அவர் பாதங்களுக்கு நேராக, கையை வைத்தாள். கொடும்பாளூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண். முதன்முதலில் அவளை மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். இப்போது தானாக பஸ் ஏறி வருகிறாள். உபதேசியார் செபமாலையைத் தொடங்கினார். சோலையப்பனும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, எல்லோரும் முடித்தபிறகு சத்தமாக 'ஆமென்' சொன்னார்.

திரும்பும்போது கண்ணாத்தாள் மரிய செல்வியைப் பார்த்தாள். முகத்தை அல்ல. சுவரில் சாய்ந்த தோளை, வலது காலில் ஏறியிருந்த பாரத்தை, தரையில் கிடந்த சேலை ஓரத்தை. மரிய செல்வி ஓரத்தை இன்னும் இழுத்துவிட்டாள். கண்ணாத்தாள் ஒரு நாற்காலியையும் முக்காலியையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நின்னா ஏறும்ங்க" என்றாள், தாழ்ந்த குரலில்.

"என்னா ஏறும்?" என்றாள் சூசையம்மாள்.

"மயக்கங்க" என்று சொல்லிவிட்டு கண்ணாத்தாள் வெளியே போனாள்.

மரிய செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். காலைத் தூக்கி முக்காலியில் வைக்கவில்லை.

மதியத்துக்குமேல் துக்க மணி அடித்தது. கோயிலுக்கு அவளை ஆட்டோவில் கூட்டிப் போனார்கள். இளம் பங்குத்தந்தை பூசை வைத்தார். பங்குக்குப் புதிது, சந்தனசாமியைத் தெரியாது. வழி தவறி அலைந்து மந்தைக்குத் திரும்பிய ஆட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஜனங்கள் தலையாட்டினார்கள். மரிய செல்வி ஆட்டவில்லை. அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டு வந்தது. மெர்லின் அவள் கையைப் பிடித்தாள்.

"ஒடம்பு கொதிக்குதும்மா."

"அழுதா அப்படித்தான் இருக்கும்."

"நீ எங்கம்மா அழுத?"

கல்லறையில் அவளால் குனிய முடியவில்லை. மெர்லின் மண்ணை அள்ளி அவள் கையில் வைத்தாள். போட்டாள். மண் ஈரமாக இருந்ததால் விரலில் ஒட்டிக்கொண்டது.

வீடு திரும்பியபோது கொல்லையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அண்டா நிறையத் தண்ணீர். அருளாயி சேலையைப் பையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். சூசையம்மாள் மரிய செல்வியின் முந்தானையில் கை வைத்தாள்.

"விடு" என்றாள் மரிய செல்வி.

"என்னக்கா?"

"நான் இங்கிட்டுக் குளிக்கலை."

"பெறகு எங்கிட்டுக் குளிப்பீங்க? ஒங்க வீட்டுக்காரரு மாதிரி கும்பகோணத்துக்குப் போகணுமா?"

மெர்லின், "சித்தி, சும்மா இருங்க" என்றாள்.

"நான் என்னத்தடி சொல்லிட்டேன்? காலங்காலமா நடக்குறது. தண்ணி ஊத்தாம எப்புடி வீட்டுக்குள்ள விடுறது?"

அந்த நேரம் கொட்டகைப் பக்கமிருந்து பால்ராஜின் குரல் கேட்டது. "எல்லாரும் கெளம்புங்கன்னு சொன்னேன்ல?"

"கெளம்பிருவோம்ங்க" என்றது சோலையப்பன் குரல். "வெசாழக்கெழம கழுவாமப் போனா கண்டக்டரு அங்கிட்டிருந்தே விசில் அடிப்பாரு."

மரிய செல்வி கொட்டகைக்கு நடந்தாள். கல்லறையிலிருந்து திரும்பிய அந்த ஆட்கள் டப்புகளை நிமிர்த்தி, வழக்கம்போல பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழப் போனார்கள். சோலையப்பனுக்கு மட்டும் கால் தண்ணீருக்குள் இருந்தது.

"தள்ளி உக்காருங்க" என்றாள்.

தள்ளினார். மரிய செல்வி பெஞ்சில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி, சேலையை முழங்கால்வரை தானே தூக்கினாள்.

பின்னால் வந்த பெண்கள் கொட்டகை வாசலில் நின்றுவிட்டார்கள். கணுக்கால் எலும்பு தெரியவில்லை. தோல் சிவந்து, இழுபட்டு, மினுங்கியது. சூசையம்மாள், "மாதாவே" என்றாள். பால்ராஜ் தங்கையின் காலைப் பார்த்தார், பிறகு போர் குழாயைப் பார்த்தார், பிறகு வெளியே போனார். மெர்லின் தரையில் குந்தி உட்கார்ந்தாள்.

"எப்பருந்தும்மா?"

மரிய செல்வி சேலையை மடியில் சேர்த்துச் செருகினாள்.

கண்ணாத்தாள் வந்து புறங்கையை முழங்காலுக்குக் கீழே வைத்தாள். "காச்ச எப்ப வந்துச்சு?"

"காலையில."

"இன்னைக்கு நீவக் கூடாது. பச்சத் தண்ணி, சோப்பு, அவ்வளவுதான். விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போடணும். மாத்திரை குடுப்பாங்க, முழுசாத் திங்கணும். அழுதுட்டு மறந்துறக் கூடாது."

டப்பில் தண்ணீர் நிறைந்தது. குளிர்ச்சி முழங்கால்வரை ஏறியது. கண்ணாத்தாளின் கை சொரசொரப்பாக இருந்தது. ஆனால் அழுத்தவில்லை. குழந்தையின் தலையைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள்.

"இந்தத் தண்ணியாலதான் வந்துச்சு" என்றாள் மரிய செல்வி.

"எந்தத் தண்ணியால?"

"நீங்கல்லாம் கழுவுற தண்ணி. வாய்க்கால்ல ஓடுதே. நான் நின்னு துணி தொவைக்கிற எடம்."

சோலையப்பன் தன் காலைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கண்ணாத்தாள் கையை நிறுத்தவில்லை.

"அந்தத் தண்ணிய இத்தன வருசமா அள்ளிக் கொட்டுனது யாருங்க? வெசாழக்கெழமயானா நாள் முச்சூடும் அதுலதான நின்னாரு. காலையில குளிப்பாட்டுறப்ப அவரு காலப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தாள். கடைசிச் செம்புத் தண்ணீரை அவள்தான் அவர் காலில் ஊற்றினாள். ஒட்டிப்போன கால்கள். எலும்பும் நரம்பும் தெரிந்தன. கணுக்கால் துருத்திக்கொண்டு இருந்தது.

"கொசுங்க" என்றாள் கண்ணாத்தாள். "எந்தக் காலத்துல கடிச்சுச்சோ. இப்ப வருது."

மரிய செல்வி தண்ணீரைப் பார்த்தாள். சோப்பு நுரையில் கலங்கியிருந்தது. அவ்வளவுதான்.

கண்ணாத்தாள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றினாள். விரல் விரலாகப் பிரித்து ஒற்றினாள்.

"அவருக்குத் தெரியாது" என்றாள் மரிய செல்வி. "நான் காமிக்கலை."

"தெரியும்ங்க."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? காலம் பூரா பஸ்ஸுல ஏறுற காலையும் எறங்குற காலையும் பாத்தவரு. போன தை மாசம் எங்கிட்டக் கேட்டாரு. 'வீட்டுல மறைக்குறா கண்ணாத்தா. நான் கேட்டா, ஒன் தண்ணியாலதான், கொட்டகைய மூடுங்கும்பா. மூடிட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல. என்னா பண்றது?'ன்னு."

"நீ என்னா சொன்ன?"

"அவசரப்படாதீங்க, வருவாங்கன்னு சொன்னேன்."

கொட்டகைத் தகரம் வெயில் தணிந்து படபடவென்று சத்தம் போட்டது. மெர்லின் முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். மரிய செல்வி சிறிது நேரம் கண்ணை மூடியிருந்தாள். திறந்தபோது கண்ணாத்தாள் டப்பைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். சோப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"மத்தக் கால நீங்க கழுவணும்."

"அதுல ஒண்ணும் இல்லையே."

"இல்லைன்னாலும் கழுவணும். இங்கன அதுதான் சட்டம். ஒண்ண அவரு கழுவிக் காட்டுவாரு, இன்னொண்ண நாமதான். இல்லைன்னா வெசாழக்கெழமைக்கு வெசாழக்கெழம அவரையே எதிர்பாத்துக்கிட்டுக் கெடப்போமாம்."

மரிய செல்வி வலது காலைத் தண்ணீரில் வைத்தாள். குனிந்தாள். சோப்பு வழுக்கிக்கொண்டு போனது. தேடி எடுத்தாள். குதிகாலைத் தேய்த்தாள், மேல்பாதத்தைத் தேய்த்தாள்.

"வெரலிடுக்க விட்டுட்டீங்கம்மா" என்றார் சோலையப்பன்.

"தெரியும். ஒங்க காலப் பாருங்க."

"சரிங்க" என்று அவர் தன் காலைப் பார்த்தார். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

வாசலில் அருளாயி இன்னும் சேலையைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டிருந்தாள். கொல்லையில் நாற்காலியும் அண்டாவும் அப்படியே கிடந்தன. அவள் சூசையம்மாளைப் பார்த்தாள். சூசையம்மாள் மரிய செல்வியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருளாயி சேலையை மெர்லின் கையில் கொடுத்துவிட்டுப் போய், அண்டாவில் ஒரு செம்பு மொண்டு வந்தாள். தான் கட்டியிருந்த சேலையை மேலே செருகிக்கொண்டு ஈரத்தரையில் இறங்கினாள்.

"கைய எடு, நொர போகட்டும்" என்று சொல்லி ஊற்றினாள்.

மரிய செல்வி நிமிரவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணி" என்றாள்.